ஏ.சி-யில் ஐஸ் கட்டுவது ஏன்? 'கேஸ் இறங்கிருச்சு சார்' என்றால் உடனே நம்பலாமா?

இரவு 10 மணிக்கு ஏ.சி போட்டதும் ரூம் ஜில்லென்று ஆகிவிடும். 2 மணிவாக்கில் வேர்த்து முழிப்பு வரும். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், காத்து மட்டும் வராது. காலையில் அணைத்த பிறகு சுவரோரம் தண்ணீர் சொட்டும். மறுநாள் இரவு போட்டால், ஒன்றுமே நடக்காதது மாதிரி முதல் இரண்டு மணி நேரம் நன்றாகக் குளிரும். அப்புறம் பழைய கதைதான்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள். அவர் கைவைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிருச்சு சார், டாப்-அப் பண்ணிரலாம்" என்பார். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். அடுத்த வருடம் கத்திரி வெயிலில் அதே ஏ.சி, அதே பேச்சு.

மேலே சொன்ன அறிகுறிகள் வரிசையாக வந்தால், உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது என்று பொருள். கேஸ் குறைவதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணமும் அது அல்ல.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது இப்போது பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி-க்கான ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும், வடபழஞ்சி, இலந்தைகுளம் ஐ.டி பூங்காக்களுக்குப் போய்வருபவர்களும் ஏ.சி-யை ஆடம்பரமாக நினைத்த காலம் போய்விட்டது. புது ஏ.சி வாங்குவதைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது. வாங்கிய ஏ.சி மூன்றாவது வருடம் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

வெளியே 40 டிகிரி, உள்ளே எப்படி ஐஸ்?

பரோட்டா கடைகளில் பெரிய கமர்ஷியல் சிலிண்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் வேர்த்து, சில நேரம் வெள்ளையாகப் பனிகூடப் படியும். சில கடைகளில் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகிறது. வேண்டிய வெப்பம் கிடைக்காவிட்டால் சிலிண்டரே உறையும் அளவுக்குக் குளிர்ந்துவிடும்.

ஏ.சி-யும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள் யூனிட்டில் இருக்கும் காயிலுக்குள் குளிர்வாயு திரவமாக வந்து கொதித்து ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் அறைக் காற்று கொடுக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் காயில் பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி மேலேயே நிற்கும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படிந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே போய்விடும்.

இந்தக் கணக்கு இரண்டு வழியில் தப்பும். ஒன்று, காயில்மேல் போதுமான காற்று ஓடாமல் வெப்பம் வந்து சேரவில்லை. இரண்டு, உள்ளே வாயு குறைந்து அழுத்தம் இறங்கிவிட்டது. அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும். இப்போது வரும் பெரும்பாலான புது ஏ.சி-களில் இருக்கும் ஆர்-32 வாயு, கேஜில் சுமார் 103 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் சரியாக 0 டிகிரியில் கொதிக்கும். அதற்குக் கீழே அழுத்தம் போனால் காயில் உறைநிலைக்குக் கீழே போகும். பழைய ஏ.சி-களில் இருக்கும் ஆர்-22 வாயுவுக்கு இந்த எல்லை 57, 58 பி.எஸ்.ஐ.

எந்த வழியில் வந்தாலும் காயிலில் படியும் தண்ணீர் பனியாகிறது. பனி தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. காற்று இன்னும் குறைகிறது. காயில் இன்னும் குளிர்கிறது, இன்னும் பனி படிகிறது. இரண்டு மணி நேரத்தில் காற்று போக வழியே இல்லாமல் ஐஸ் சுவர் எழும்பிவிடும். அதனால்தான் முதல் இரண்டு மணி நேரம் சுகம், பிறகு புழுக்கம்.

(ஏ.சி-யில் '1 டன்', '1.5 டன்' என்கிறோமே, அதுவும் ஐஸ் கணக்குதான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே அளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியே தள்ளும் மெஷின்தான் 1 டன் ஏ.சி. மெஷினின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

முதல் சந்தேகம் காற்றின் மேல்

ஃபில்டரைக் கழுவினீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் 'போன மாசம்தானே' என்பார்கள். பல நேரம் அந்தப் போன மாசம் நான்கு மாசத்துக்கு முந்தியதாக இருக்கும். மதுரையின் தூசி சாதாரணத் தூசி இல்லை. வறண்ட கண்மாய் மண், தோண்டிப்போட்ட ரோடு, செல்லூர் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். அஞ்சு நிமிஷ வேலை, கருவி எதுவும் வேண்டாம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று மந்தமாக வந்தால், காற்று வெளிவரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நீளமாக உருளை மாதிரி ஒன்று தெரியும். அதுதான் புளோயர். அதன் இறக்கைகளில் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தால், உருளை சுத்தும், காத்தைத் தள்ளாது. 'சர்வீஸ்' என்ற பெயரில் ஃபில்டரையும் முன்பக்கக் காயிலையும் மட்டும் தண்ணீர் பீய்ச்சிவிட்டுப் போகும் பலர் இதைத் தொடுவதே இல்லை. சர்வீஸுக்கு ஆள் வந்தால், "தம்பி, புளோயரையும் சேர்த்துக் கழுவுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ரூம் செட்டப்பும் ஒரு காரணம். ஏ.சி-க்கு நேர் எதிரே அலமாரி இருந்தாலோ, மேல்பக்கத்தை ஃபால்ஸ் சீலிங் ஒட்டிக்கொண்டு இருந்தாலோ, வெளியே வந்த குளிர்காற்றையே ஏ.சி திரும்ப இழுக்கும். குளிர்ந்த காற்றில் கொடுக்க வெப்பம் ஏது?

அடுத்து அந்த 16 டிகிரி. சின்ன ரூம், ஃபேன் வேகம் குறைவு, ரிமோட்டில் 16, வெளியே மழை பெய்து குளிர்ந்த இரவு. ஐஸ் கட்டுவதற்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி-யில் அது வெறும் நம்பிக்கைதான். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும், எப்போது நிறுத்துவது என்பதில்தான் வித்தியாசம். இன்வெர்ட்டர் மாடல்களும் ரூம் நல்ல சூடாக இருக்கும்போது 24-க்கே முழு வேகம் எடுக்கும்.

2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏ.சி-களை 20-லிருந்து 28 டிகிரிக்குள் மட்டும் இயங்கும்படி வரையறுக்கப்போவதாக அறிவித்தார். 'என் வீட்டு ரிமோட்டில் அரசு கைவைப்பதா' என்று சமூக வலைதளங்களில் ஒரு ரவுண்டு ஓடியது. 2020 ஜனவரி 1-லிருந்தே புது ஸ்டார் ரேட்டிங் ஏ.சி-கள் 24 டிகிரி இயல்பு நிலையோடுதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. வரம்பு சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனால் அழுக்கு ஃபில்டரோடு 24-ல் ஓடும் ஏ.சி-யைவிட, சுத்தமான ஃபில்டரோடு 24-ல் ஓடும் ஏ.சி எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று யாரும் பேசவில்லை.

ஐஸ் எங்கே இருக்கிறது?

கேஸ் குறைந்ததா, காற்று குறைந்ததா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐஸ் கட்டியிருக்கும்போது முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். காயில் முழுக்கப் பரவலாக வெள்ளை படிந்திருந்தால் பெரும்பாலும் காற்றுக் கோளாறு. ஒரு மூலையில் மட்டும் ஐஸ், மீதிக் காயில் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் மேல் சந்தேகப்படலாம். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும். மெல்லிய குழாயின் நட்டில் பனி படிந்திருந்தால் கேஸ் குறைவு, தடித்த குழாயில் பனி என்றால் காற்றோட்டம் என்பது மெக்கானிக்குகளின் நடைமுறைக் கணக்கு. பல நேரம் சரியாக வரும்.

ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ சுரண்டாதீர்கள். அலுமினியத் தகடும் குழாயும் அவ்வளவு மெல்லியவை. ஒரு ஓட்டை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையிலேயே வந்துவிடும். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தானாக உருகும். கீழே ஒரு வாளி வைத்துவிடுங்கள். ஐஸோடு தொடர்ந்து ஓட்டுவதுதான் ஆபத்து. ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வந்தால், ஏ.சி-யிலேயே விலை அதிகமான பாகம் அடிவாங்கும்.

ஐஸ் உருகி, ஃபில்டர் கழுவி, 24 டிகிரி வைத்து 15 நிமிஷம் ஓட்டியபின் ஒரு தெர்மாமீட்டரால் உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். 8-லிருந்து 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷினின் இதயம் நன்றாக இருக்கிறது. 3, 4 டிகிரிதான் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்னொரு கோளாறு, எளிதில் கண்ணில் படாதது. காயிலோடு ஒட்டி ஒரு சின்ன சென்சார் இருக்கும். காயில் உறைய ஆரம்பித்தால் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. சர்வீஸ் செய்யும்போது அது இடத்திலிருந்து கழன்றுவிட்டால், ஐஸ் கட்டுவது மெஷினுக்கே தெரியாது. 'சர்வீஸ் பண்ணினதுக்கு அப்புறம்தான் ஐஸ் கட்டுது' என்றால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் 'தீர்ந்து' போகுமா?

போகாது. ஏ.சி-க்குள் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. வருஷா வருஷம் கேஸ் அடிக்கும் வீடுகளில் நடப்பது இதுதான். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். உச்ச சீசனில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குபவருக்கு, கசிவு தேட ஒரு மணி நேரம் ஒதுக்குவது கட்டுபடியாகாது. வாடிக்கையாளரும் அதற்குக் காசு கொடுக்க யோசிப்பார். ரெண்டு பக்கமும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது.

கேஜைக் காட்டி, "பாருங்க சார், பிரஷர் கம்மி" என்றால்? இன்வெர்ட்டர் ஏ.சி-யில் கம்ப்ரஸர் வேகத்துக்கு ஏற்ப அழுத்தம் ஏறி இறங்கும். அதனால் ஓடும்போது எடுத்த ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அணைத்துவைத்த ஏ.சி-யில் அளந்தாலும் பயனில்லை. சமையல் சிலிண்டரில் பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், எவ்வளவு மிச்சம் என்று அறிய எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏ.சி-யிலும் அப்படியே.

அதனால் முறையான வேலை இப்படித்தான் நடக்க வேண்டும்: மிச்ச வாயுவை வெளியே எடுத்து, நைட்ரஜன் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வெளி யூனிட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் எடைபோட்டு வாயு நிரப்புவது. வேக்கம் போடாமல் விட்டால் உள்ளே தங்கிய ஈரம் மெல்லிய துளைகளில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தராசும் வேக்கம் பம்பும் கொண்டுவராதவரிடம் கேஸ் நிரப்பாமல் இருப்பது உத்தமம். போனில் பேசும்போதே, "அண்ணே, தராசு வச்சு எடை போட்டு அடிப்பீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

கசிவு உங்கள் பர்ஸோடு முடிவதில்லை. ஆர்-32, கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு ஏ.சி-யில் 700 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது முழுக்கக் கசிவது 470 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கி.மீ தரும் பைக்கில் 10,000 கி.மீ ஓட்டியதற்கு ஈடு. பழைய ஆர்-410ஏ இதைவிட மூன்று மடங்கு மோசம்.

ஆர்-22 வைத்திருக்கும் பழைய ஏ.சி-காரர்களுக்குத் தனிச் செய்தி உண்டு. ஓசோனை அரிப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்த வகை வாயுக்களின் அளவை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும், 2030-ல் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்த வேண்டும் என்பது இந்தியா போன்ற நாடுகளுக்கான காலக்கெடு. பழுதுபார்க்க மட்டும் சொற்ப அளவு 2040 வரை கிடைக்கும். வரத்து குறையக் குறைய விலை ஏறத்தான் செய்யும், கலப்படமும் கூடவே வரும். ஆர்-22 மெஷினில் ஆர்-32-ஐ அடித்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அழுத்தமும் வேறு, எண்ணெயும் வேறு, போதாக்குறைக்கு ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. 2019 மார்ச்சில் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. ஐ.டி.ஐ-களில் குளிர்பதனப் பிரிவு 2 ஆண்டுப் படிப்பாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் சான்றிதழ் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. ரிமோட்டுக்கு வரம்பு வைக்க யோசிப்பவர்கள், கேஸ் அடிக்கத் தராசு கட்டாயம் என்று ஒரு வரி எழுதினால் அதைவிடப் பயன் அதிகம் என்பது என் கருத்து.

ஐஸ் இல்லை, ஆனாலும் குளிரவில்லை

சித்திரை, வைகாசி மதியங்களில் வரும் புகார் இது. கோளாறு மெஷினில் இல்லாமலும் இருக்கலாம். ஏ.சி-யின் டன் அளவு வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில் சோதித்துச் சொல்லப்படுவது. மதுரையில் 40-ஐத் தாண்டும் நாளில், மேற்குப் பார்த்த மொட்டைமாடியில், சுடுகிற தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளி யூனிட் சந்திப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். 1.5 டன் அங்கே 1.5 டன் வேலை செய்யாது. யூனிட்டுக்கு மேலே நிழல் போடுங்கள், ஆனால் சுற்றி மூடிவிடாதீர்கள். வெப்பக்காற்று வெளியேற முன்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். பின்பக்கத் தகடுகளில் அப்பிய தூசியைத் தண்ணீரால் கழுவச் சொன்னாலே பாதிப் புகார் தீரும்.

மாடி வீடு என்றால் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவு 8 மணிக்கு மேல் உங்கள் தலையில் இறக்கும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ குளிர்கூரைப் பெயின்டோ அடிப்பது, பெரிய ஏ.சி வாங்குவதைவிட மலிவு.

வெளி யூனிட்டின் ஃபேன் சுத்தவில்லை, அல்லது மெதுவாகச் சுத்துகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். மலிவான பாகம்தான், ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், நீங்கள் தொடாதீர்கள். மாலையில் எல்லா வீட்டிலும் ஏ.சி ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும் ஊர்ப்புறங்களில், கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆக முயன்று முயன்று டிரிப் ஆகும். அதுவும் 'கூலிங் இல்லை' என்றுதான் புகாராக வரும். கேஸ் அடித்தால் அது சரியாகாது.

ஈ.பி பில்லில் என்ன தெரியும்?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள ஏ.சி ஒரு இரவுக்கு 5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300. மற்ற செலவு 180. மொத்தம் 480. ஐஸ் கட்டிய ஏ.சி ரூம் குளிராததால் ஓய்வே இல்லாமல் ஓடி இரவுக்கு ஒன்றரை யூனிட் கூடுதலாக இழுத்தால் 90 சேர்ந்து 570. கூடுதல் 90 யூனிட்டுக்கான காசோடு விஷயம் முடியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலையில் கிடைத்த சலுகையும் போய்விடும். பில் திடீரென எகிறினால் மீட்டரைச் சந்தேகப்படும் முன் ஃபில்டரைப் பாருங்கள்.

வயரிங்கையும் அப்படியே. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் ஃப்ரிட்ஜ் வெடித்துப் பற்றிய தீயில் உயிரிழப்பு நேர்ந்தது ஊருக்கே தெரியும். ஏ.சி பிளக் சூடாகிறது, சாக்கெட் கறுத்திருக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏ.சி-க்குத் தனி லைனும் தனி எம்.சி.பி-யும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டுவது விளையாட்டுக் காரியம் இல்லை.

கடைசியாக, பழையதை மாற்றிப் புதிது வாங்கும் முடிவில் இருப்பவர்களுக்கு. 2026 ஜனவரி 1 முதல் ஸ்டார் ரேட்டிங் கடுமையாகிவிட்டது. 2025-ல் 5 ஸ்டார் வாங்கிய மாடல் இப்போது 4 ஸ்டார். கடையில் பழைய ஸ்டாக்கை '5 ஸ்டார்' என்று காட்டினால் லேபிளில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். அதே லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இரவு 8 மணி நேரம், வருடத்தில் 10 மாதம் ஓட்டும் மதுரை வீட்டுக்கு அது 2,400 மணி நேரம். லேபிளில் உள்ள எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள். மாட்ட வருபவரிடம் வேக்கம் பம்ப் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.